கீழ்ப்படிதலும் சிந்தையும்: தரங்கம்பாடி அருட்பணியின் ஆரம்ப ஆண்டுகளைக் குறித்து ஒரு சிந்தனை

பிலிப்பியருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை நம்மில் பலர் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறோம். கிறிஸ்துவின் தாழ்மையைக் குறித்தும், மரணம்மட்டும் அவர் கீழ்ப்படிந்ததைக் குறித்தும் பேசாத பெரிய வெள்ளிக்கிழமை இல்லை எனலாம். ஆயினும் அப்பகுதியில் அப்போஸ்தலன் பேணும் வரிசையை நாம் போதிய அளவு கவனித்ததுண்டா என்பது ஐயமே. 5-ஆம் வசனத்தில் சிந்தை வருகிறது. அதன் பின்னரே 8-ஆம் வசனத்தில் கிறிஸ்துவின் கீழ்ப்படிதல் வருகிறது. 12-ஆம் வசனத்தில் சபையாரின் கீழ்ப்படிதலைப் பவுல் பாராட்டுகிறார். பாராட்டி முடித்ததும் 14-ஆம் வசனத்தில் முறுமுறுப்பைப் பற்றி எச்சரிக்கிறார். கீழ்ப்படியாதவர்களுக்கு அல்ல, கீழ்ப்படிகிறவர்களுக்கே அந்த எச்சரிப்பு. கட்டளையை நிறைவேற்றுகிறவன் அதை எந்த உள்ளத்தோடு நிறைவேற்றுகிறான் என்னும் கேள்வி, அவன் நிறைவேற்றிய பின்னும் அவனை விடுவதில்லை.

வேதாகமத்தில் இதற்குச் சான்றுகள் பல. யோனா இறுதியில் நினிவேக்குப் போகத்தான் செய்தான். போய்ச் சொல்லவேண்டியதைச் சொல்லவும் செய்தான். அதன் விளைவாக ஒரு பட்டணம் மனந்திரும்பியபோது கோபங்கொண்டவனும் அவனே. லூக்கா 15-ஆம் அதிகாரத்தின் மூத்த குமாரன் தகப்பனின் கட்டளை ஒன்றையும் மீறாதவன். இருந்தும் வீட்டிற்குள் வர மறுத்து வெளியே நின்றவன் அவன்தான். இவை நாம் அறிந்தவை. ஆனால் திருச்சபைச் சரித்திரத்தை வாசிக்கையில் இந்த அளவுகோலை நாம் பெரும்பாலும் கையில் எடுப்பதில்லை. யார் கீழ்ப்படிந்தார், யார் எதிர்த்தார் என்று இரண்டாகப் பிரித்துவிட்டு மேலே சென்றுவிடுகிறோம். தேவனுக்குக் கீழ்ப்படிவதாகவே உறுதியாக நம்பிய இருவர் ஒருவரையொருவர் காயப்படுத்திய இடங்களில் நமது சரித்திர நூல்கள் இரண்டு வரிகளோடு நின்றுவிடுகின்றன. அப்படிப்பட்ட ஓரிடம் தரங்கம்பாடி அருட்பணியின் முதல் பதின்மூன்று ஆண்டுகளில் உண்டு. அதைச் சற்று நிதானமாக நோக்குவோம்.

டென்மார்க்கின் அரசர் நான்காம் பிரடெரிக், தமது அரண்மனைப் போதகர் லுட்கென்ஸ் என்பவரின் மூலம் தெரிந்தெடுத்து அனுப்பிய பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்றி புளூட்சௌ ஆகிய இரு ஜெர்மானிய வாலிபர் 1705 நவம்பரில் கோப்பன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று, அம்மாத இறுதியில் கப்பலேறி, 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடி வந்து சேர்ந்தனர். ஏழு மாதங்களுக்கு மேற்பட்ட பயணம். அரசர் அனுப்பினார் என்பது உண்மையே. ஆனால் தரங்கம்பாடியை ஆண்டது அரசரின் விருப்பமன்று, டேனிய வர்த்தகக் கம்பெனியின் விருப்பம். கம்பெனியின் தளபதி ஹாசியஸ் இவர்களை வரவேற்கவில்லை. வந்த நாளில் நெடுநேரம் காத்திருக்கவைத்து, தங்குவதற்கு இடமும் காட்டாமல் கடைத்தெருவில் விட்டுச் சென்றார் என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை.

அதைவிட நமக்கு முக்கியமாகத் தோன்றுவது அதற்குப் பின் நடந்த ஒரு சிறு காரியம். தமிழைக் கற்பதற்கு அந்நாளில் ஐரோப்பியருக்கு உதவும் புத்தகம் ஏதும் அவர்கள் கையில் இல்லை. முதிர்ந்த வயதுடைய ஒரு தமிழ் உபாத்தியாயரைத் தமது பள்ளிக்கூடத்தைத் தங்கள் வீட்டிற்கே கொண்டுவரும்படி கேட்டுக்கொண்டனர். சிறுபிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுத்துக்களை எழுதிப் பழகினார் சீகன்பால்கு. ஹாலே பல்கலைக்கழகத்தில் பயின்ற இறையியல் மாணவன், குருப்பட்டம் பெற்றவன், அரசனின் ஆணையைக் கையில் வைத்திருப்பவன், 24 வயதில் நெடுங்கணக்குப் படிக்கும் பிள்ளைகளின் வரிசையில் அமர்ந்தான்! போதிக்கும்படி அனுப்பப்பட்டவன் முதலில் மாணவனானான். அனுப்பினவரின் கட்டளையில் இப்படி அமரவேண்டும் என்று எழுதப்பட்டிருக்கவில்லை. அது சிந்தையிலிருந்து வந்தது. இரண்டே ஆண்டுகளில், 1708-இல், தாம் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு விவரமான அட்டவணை ஒன்றை அவர் எழுதினார். அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய நூல்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். மணலில் தொடங்கியதன் பயன் அது.

ஆனால் சீகன்பால்குவைக் குற்றமற்ற புனிதராகக் காட்டுவது நமது நோக்கமன்று. அவருக்கும் அது நன்மை செய்யாது. அவர் எளிதில் கொதிப்பவர். பணிந்துபோவதை விசுவாசக் குறைவாக எண்ணும் இயல்பும் அவரிடம் இருந்தது. மறைந்துபோன ஒரு தமிழரின் விதவை, ஒரு கடன் வழக்கில் நியாயம் கிடைக்காமல் அவரிடம் முறையிட்டபோது, அவர் தளபதியிடம் பரிந்து பேசத் துணிந்தார். ஏழைக்காகப் பேசியது நன்றே. ஆனால் ஹாசியஸ் அதைத் தமது அதிகாரத்தில் தலையிடுவதாகவே கண்டார். இருதரப்பிலும் வார்த்தைகள் தடித்தன. 1708 நவம்பர் 19 அன்று சீகன்பால்கு கோட்டையில் அடைக்கப்பட்டார். 1709 மார்ச் 26 வரை, நான்கு மாதங்களுக்கும் மேலாக, அங்கே இருந்தார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கி ஒரு மாதமே ஆகியிருந்த நேரம் அது. அந்த வேலையும் நின்றது.

அச்சிறையில் அவர் என்ன செய்தார் என்பதே நமது கருத்துக்குரியது. எழுதுவதற்கு வாய்ப்புக் கிடைத்தபோது இரண்டு நூல்களை எழுதினார். ஒன்று தேவனுக்குப் பிரியமான கிறிஸ்தவ நிலையைப் பற்றியது. மற்றொன்று தேவனுக்குப் பிரியமான போதக நிலையைப் பற்றியது. தளபதியின் அநீதியைப் பற்றி ஒரு கண்டன நூல் எழுத அவருக்குப் போதுமான காரணம் இருந்தது. ஐரோப்பாவில் அதை ஆவலோடு வாசிக்க ஆட்களும் இருந்தனர். அவரோ, போதகன் ஒருவன் தேவனுக்கு முன்பாக எப்படி இருக்கவேண்டும் என்ற கேள்வியைத் தமக்கே எழுப்பிக்கொண்டார். கீழ்ப்படிந்து வந்தவன், கீழ்ப்படிந்ததினாலேயே சிறைப்பட்டவன், நான் சரியாகக் கீழ்ப்படிந்தேனா என்று ஆராய்கிறான். அந்த நான்கு மாதங்களில் அவருடைய கோபம் முற்றிலும் நீங்கிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. பிற்காலக் கடிதங்களிலும் அதன் அனல் உண்டு. ஆனால் விடுதலையான பின் அவர் செய்த முதற்காரியம், விட்ட இடத்திலிருந்து மொழிபெயர்ப்பைத் தொடர்ந்ததே. 1711 மார்ச் மாதத்தில் புதிய ஏற்பாடு தமிழில் முடிவடைந்தது. 1715-இல் அச்சேறியது.

இடையில் நடந்த பலவற்றை இங்கே விரிக்கவேண்டியதில்லை. 1709-இல் வந்த உடன் ஊழியர் மூவரில் ஒருவராகிய போவிங் என்பவர் முன்னவர்களோடு ஒத்துப்போகாமல் இரண்டே ஆண்டுகளில் தரங்கம்பாடியைவிட்டு நீங்கினார். அவர் எழுதியவை ஐரோப்பாவில் வெளிவந்து அருட்பணிக்குத் தலைகுனிவை உண்டாக்கின. மற்றொருவராகிய குருண்ட்லர் இறுதிவரை சீகன்பால்குவின் உற்ற துணையாயிருந்தார். அச்சகம் வந்தது, பொறையாற்றில் காகித ஆலை எழுந்தது, பள்ளிகள் பெருகின. 1714-இல் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குச் சென்று, அங்கே திருமணம் செய்து, 1716-இல் மனைவியோடு திரும்பினார். அவர் திரும்பிய வேளையில் ஹாசியஸ் தரங்கம்பாடியில் இல்லை. அருட்பணிக்கு நண்பரான ஒரு புதிய தளபதி அவருடைய இடத்தில் இருந்தார். வெளியிலிருந்து வந்த எதிர்ப்பு ஓய்ந்தது. உள்ளிருந்து வந்த எதிர்ப்பு அப்பொழுதுதான் தொடங்கியது.

1714-இல் கோப்பன்ஹேகனில் அரசர் ஓர் அருட்பணிச் சங்கத்தை ஏற்படுத்தியிருந்தார். தரங்கம்பாடி ஊழியத்தை மேற்பார்வையிடுவதும் அதற்குப் பணம் அனுப்புவதும் அதன் பொறுப்பு. அதன் செயலாளர் கிறிஸ்தியான் வெண்ட் என்பவர். இவரைப் பற்றி நமது தமிழ்ச் சரித்திர நூல்கள் மிகச் சிலவே பேசுகின்றன. பேசுமிடத்தும் ஒரு கொடியவரைப்போல் காட்டிச் செல்கின்றன. அவர் கொடியவர் அல்லர். அவர் பக்தி இயக்கத்தின் தீவிரமான மனப்போக்கைச் சார்ந்தவர். அப்போஸ்தலர் நடந்த வழியிலேயே அருட்பணியும் நடக்கவேண்டும் என்று மெய்யாகவே நம்பியவர். மத்தேயு 10-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் பன்னிருவரையும் அனுப்பியபோது பணமும் பையும் இல்லாமல் அனுப்பினார் அல்லவா? அப்படியானால் மிஷனெரிகளுக்கு வீடும் தோட்டமும் எதற்கு? மனைவியும் குடும்பமும் எதற்கு? கட்டிடங்களிலும் பள்ளிகளிலும் ஏன் பணத்தைச் செலவிடவேண்டும்? ஊர் ஊராய்ச் சென்று பிரசங்கித்துவிட்டு, ஆவியானவரால் தொடப்பட்டவர்கள் தங்கள் சபையைத் தாங்களே தாங்கிக்கொள்ளும்படி விட்டுவிடலாகாதா? இவையே அவருடைய கேள்விகள்.

இக்கேள்விகளை எளிதில் தள்ளிவிட முடியாது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹென்றி வென், ரூபஸ் ஆண்டர்சன் ஆகியோர், திருச்சபை தன்னைத் தானே தாங்கி, தன்னைத் தானே ஆண்டு, தன்னைத் தானே பரப்பவேண்டும் என்று வற்புறுத்தினர். 1912-இல் ரோலண்ட் ஆலன் பவுலின் முறையையும் நமது முறையையும் எதிரெதிரே நிறுத்தி எழுதிய நூலை இறையியல் மாணவர் இன்றும் வாசிக்கின்றனர். நமது சபைகளின் சொத்து வழக்குகளையும், வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்த்தே பழகிப்போன சில நிறுவனங்களையும் நினைக்கையில், வெண்டின் கேள்விகள் காலத்துக்கு முந்திக் கேட்கப்பட்டவை என்றே நமக்குத் தோன்றுகிறது. மெய்யாகவே, சீகன்பால்குவின் பக்கத்திலும் ஒரு வாதத்தை நாம் எடுத்துவைக்கவேண்டும்: பள்ளியும் அச்சகமும் இல்லாமல் தமிழ் வேதாகமம் மக்களின் கையில் சேர்ந்திருக்காது. ஆனால் கொள்கையளவில் யாருடைய கட்சி வலியது என்பதல்ல நாம் இங்கே தீர்க்க விரும்புவது.

வெண்ட் அதை எப்படி எழுதினார் என்பதே கேள்வி. அவருடைய கடிதங்கள் ஆலோசனையாக வரவில்லை, தீர்ப்பாக வந்தன. பன்னிரண்டு ஆண்டுகள் வெயிலிலும் நோயிலும் உழைத்தவர்களிடம், அவர்கள் தொடக்கத்திலேயே வழிதவறிவிட்டார்கள் என்று சொல்லும் தொனியில் வந்தன. அக்காலத்தில் ஒரு கடிதம் தரங்கம்பாடி சேர ஏழெட்டு மாதம் ஆகும். அதற்கு மறுமொழி கோப்பன்ஹேகன் சேர மீண்டும் அவ்வளவு காலம். நேரில் பேசும்போது கடுஞ்சொல் சொன்னவனின் முகமே அச்சொல்லை ஓரளவு மென்மைப்படுத்தும். கேட்டவனின் முகவாட்டம் சொன்னவனைத் தடுத்து நிறுத்தும். கப்பலில் வந்த கடிதத்தில் முகம் இல்லை. எழுதினவருக்கோ தரங்கம்பாடியின் மணலும் தெரியாது, பொறையாற்றின் ஏழைப் பிள்ளைகளும் தெரியாது.

இதில் நம்மை உறுத்துவது ஒன்றுண்டு. மத்தேயு 10-ஆம் அதிகாரத்தின்படி பையும் பணமும் இல்லாமல் போகும்படி ஆண்டவர் சொன்னது, போகிறவர்களுக்கு. வெண்ட் போகவில்லை. பிறருடைய கீழ்ப்படிதலுக்கு அவர் காவலராயிருந்தார். தாம் சுமக்காத சிலுவையின் எடையைப் பிறருக்கு நிறுத்துக் கொடுப்பது எவ்வளவு எளிது! வறுமையை மேற்கொள்ளும்படி அழைக்கும் உரிமை, அந்த வறுமையைத் தானே மேற்கொண்டவனுக்கே உண்டு என்பது நமது கருத்து. கிறிஸ்துவின் சிந்தையைப் பற்றிப் பவுல் எழுதுவதும் இதுதான் அல்லவா? அவர் மேலே இருந்துகொண்டு தாழ்மையைக் கற்பித்தவர் அல்லர், இறங்கி வந்தவர்.

வெண்டை மட்டும் நாற்காலியிலிருந்து தீர்ப்பளித்தவராகக் காட்டுவதும் நியாயமன்று. சீகன்பால்குவின் நேசத்துக்குரிய ஆசிரியரான ஹாலேயின் பிராங்கேயும், 1713-இல் எழுதப்பட்ட தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்றை அச்சிட மறுத்தார். அஞ்ஞான மார்க்கத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அதை ஐரோப்பாவில் பரப்பவேண்டியதில்லை என்பது அவர் காரணம். அந்நூல் வெளிவர 1867 வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. மணலில் அமர்ந்து கற்றவன் கண்டதை, அமராதவர்கள் காண முடியவில்லை.

இவ்விடத்தில் நம்மைப் பற்றியும் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். இல்லாவிடில் மறைந்துபோன ஒருவரை நியாயந்தீர்த்து நாமும் அவருடைய குற்றத்தையே செய்தவராவோம். பல ஆண்டுகளுக்கு முன்பு நாம் ஒரு சேகரத்தின் பொறுப்பிலிருந்தபோது, கிராமத்து உபதேசியார் ஒருவர் சங்கக் காணிக்கைக் கணக்கை மூன்று மாதங்களாக அனுப்பாதிருந்தார். நாம் அவருக்கு எழுதிய கடிதத்தில் பொய் ஒன்றும் இல்லை. விதிகளுக்கு மாறானது ஒன்றும் இல்லை. உக்கிராணத்துவத்தைக் குறித்த வேதவாக்கியங்களும் உரிய இடத்தில் சேர்க்கப்பட்டிருந்தன. எழுதி முடித்தபோது கடமையைச் செய்த திருப்தியோடு உறையை ஒட்டினோம். அடுத்த வாரமே கணக்கு வந்துசேர்ந்தது, ஒரு காசும் குறையாமல். அந்த மூன்று மாதமும் அவருடைய மனைவி படுத்த படுக்கையாயிருந்ததை நாம் அறிந்தது பின்னர், வேறொருவர் வாயிலாக. அதற்குப் பிறகு அவர் காரியமின்றி நமது குருமனைக்கு வந்ததில்லை. வந்தபோதும் திண்ணையிலேயே நின்று பேசிவிட்டுப் போவார்.

வெண்டின் கடிதத்தை வாசிக்கும்போதெல்லாம் அந்த உறையின் நினைவு வருகிறது. சபை ஒழுங்கைக் காக்க நமக்குக் கடமை உண்டு. கணக்குக் கேட்கவேண்டும், தவறு கண்டால் சொல்லவேண்டும். அதைச் செய்யாத போதகன் கீழ்ப்படியாதவனே. ஆனால் கடமையைச் செய்கையில் உள்ளுக்குள் எழும் அந்தச் சிறு இன்பம், நாம் சரியான பக்கத்தில் நிற்கிறோம் என்ற அந்த இன்பம், எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப்பார்க்க நாம் கற்றுக்கொள்ளவில்லை. மூத்த குமாரன் வயலிலிருந்து வரும்போது அவனிடம் இருந்ததும் அதுவே என்று எண்ணுகிறோம்.

இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1910-இல், எடின்பரோவில் கூடிய உலக அருட்பணி மாநாட்டில் இதே கேள்வி மறுபுறத்திலிருந்து எழுந்தது. இம்முறை அதை எழுப்பியவர், திருநெல்வேலியின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. அப்பொழுது அவர் அத்தியட்சர் ஆகியிருக்கவில்லை. மேனாட்டு மிஷனெரிகளின் தியாகங்களை அவர் மறுக்கவில்லை. அவர்கள் தங்கள் உடைமைகளைக் கொடுத்ததையும் உழைப்பைக் கொடுத்ததையும் இந்தியத் திருச்சபை நன்றியோடு நினைக்கும் என்றார். அதன்பின், அவர்களிடம் தமது மக்கள் இன்னும் பெறாதது ஒன்றுண்டு என்று சொல்லி, நட்பைக் கேட்டார். மன்றத்தில் இருந்த மிஷனெரிகளில் சிலருக்கு அப்பேச்சு கசந்தது. கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபத்தின் 13-ஆம் அதிகாரத்தின் நிழலில் அவர் பேசினார் என்பது அவர்களுக்கும் தெரியும். கசப்புக்கு அதுவே காரணமாயிருக்கலாம். கடல் கடந்து வருவதும் பாடுபடுவதும் கட்டளைக்குக் கீழ்ப்படிதல். தன் உடன் ஊழியனைத் தன்னோடு பந்தியில் அமரவைப்பது எந்தக் கட்டளைப் புத்தகத்திலும் தனி விதியாக எழுதப்படுவதில்லை.

தரங்கம்பாடிக்குத் திரும்புவோம். 1718 அக்டோபர் 11 அன்று புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. கட்டிடங்கள் வேண்டா என்று சொல்லப்பட்ட அதே காலத்தில் எழுந்த கட்டிடம் அது. அரசர் பிரடெரிக்கின் முடியும் பெயரடையாளமும் அதன் முகப்பில் இன்றும் உள்ளன. அந்நாளில் சீகன்பால்கு நெடுநாளைய வயிற்று நோயால் மெலிந்திருந்தார். அவருடைய வாழ்வின் அந்த இறுதிக் காலத்தில்தான் வெண்டின் கடுமையான கண்டனம் அவரைப் பெரிதும் வருத்தியது. அதுவே அவருடைய மரணத்தை விரைவுபடுத்திற்று என்று சொல்வோர் உண்டு. நோயையும் துக்கத்தையும் அப்படிப் பிரித்து அளக்க நமக்கு வழியில்லை. அவர் மனம் உடைந்திருந்தது என்பதில் மட்டும் ஐயமில்லை. 1719 பிப்ரவரி 23 அன்று, 36-ஆம் வயதில், நண்பர்கள் அருகிலிருந்து ஞானப்பாட்டுப் பாடிக்கொண்டிருக்க, அவர் உயிர் பிரிந்தது. தாம் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம்பண்ணப்பட்டார்.

குருண்ட்லர் தனித்துவிடப்பட்டார். அவரும் நோயாளி. உதவிக்கு ஹாலேயிலிருந்து பெஞ்சமின் சூல்ட்சே 1719 செப்டம்பரில் வந்துசேர்ந்தார். 1720 மார்ச் 19 அன்று குருண்ட்லரும் மறைந்தார். அவர் கல்லறையும் அதே ஆலயத்திலேயே இருக்கிறது.

இதனிடையே இன்னொரு கடிதமும் கடலில் வந்துகொண்டிருந்தது. காந்தர்பரி அத்தியட்சர் வில்லியம் வேக், சீகன்பால்குவுக்கும் குருண்ட்லருக்கும் இலத்தீன் மொழியில் எழுதியது அது. திருச்சபையின் எந்தப் பெரிய பதவியையும்விட அவர்களுடைய ஊழியத்தைத் தாம் உயர்வாக மதிப்பதாக, மிகுந்த தாழ்மையோடு அதில் எழுதியிருந்தார். அவர் வேறு சபையைச் சேர்ந்தவர். லுத்தரன் போதகர்களுக்கு எழுதவேண்டிய கடமை ஏதும் அவருக்கு இல்லை. 1719 ஜனவரி 7 என்னும் தேதியிட்ட அக்கடிதம் தரங்கம்பாடியை அடைந்தபோது, அதை வாசிக்கவேண்டியவர் புதிய எருசலேம் ஆலயத்தின் தளக்கற்களின் கீழ் இருந்தார்.